வாழ்வது எதற்காக: புறநானூற்றுக்குள் நடக்கும் ஒரு வாதம்

கேள்வி இது: வாழ்க்கைக்குப் பொருள் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். சங்கப் பாட்டில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறதா? 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்பதையே தமிழரின் விடை என்று எடுத்துக்கொள்ளலாமா?

விடை இருக்கிறது, ஆனால் ஒன்றல்ல. புறநானூற்றில் மட்டும் பத்துப் பேராவது இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறார்கள், ஆளுக்கொரு விதமாக. சிலர் சொல்வது மற்றவர் சொல்வதை நேராகவே மறுக்கிறது. தொகுத்தவர்கள் அந்த மறுப்பை மறைக்கவில்லை. முரண்படும் பாட்டுகளை அடுத்தடுத்தே வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்பின் பெரிய கொடையாக நான் கருதுவது இதைத்தான். 'யாதும் ஊரே' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் 13 அடியில் ஓர் அடியையும், பல குரல்களில் ஒரு குரலையும்தான் கேட்டவர்களாவோம்.

தேட வேண்டிய இடம் 182 முதல் 195 வரையுள்ள 14 பாட்டுகள். அவற்றில் 12 பாட்டுக்குப் 'பொருண்மொழிக் காஞ்சி' என்று துறை குறித்திருக்கிறார்கள். தெளிந்தவர்கள் தாம் கண்ட உறுதிப்பொருளை எடுத்துச் சொல்வது அந்தத் துறை. 194 பெருங்காஞ்சி, நிலையாமையைப் பேசுவது. 184 மட்டும் ஓர் அரசனுக்குச் சொன்ன அறிவுரை. எல்லாம் சின்னச் சின்னப் பாட்டுகள். 193-க்கு நான்கே அடி, 188-க்கு ஏழு. பாடியவர்களில் ஐந்து பேர் ஆண்டவர்கள் அல்லது ஆளும் குடியில் பிறந்தவர்கள். மற்றவர்கள் புலவர்கள், ஔவையாரும் உண்டு. மணிமேகலையின் 27ஆம் காதையிலும் பத்துச் சமயவாதிகள் வரிசையாகத் தத்தம் கொள்கையை எடுத்து வைக்கிறார்கள். ஆனால் அது கொள்கைகளின் அணிவகுப்பு. யார் சொன்னாலும் அந்தக் கொள்கை அதே கொள்கைதான். புறநானூற்றில் அப்படி முடியாது. சொன்னவர் யார், எந்த நெருக்கடியில் சொன்னார் என்பதை விட்டுவிட்டால் பாட்டே பாதியாகிவிடும்.

முதலில் 192-ஐ முழுதாகப் பார்ப்போம், எல்லோரும் அறிந்தது அதுதான் என்பதால். 2019-இல் ஐ.நா. பொதுச்சபையில் இந்தியப் பிரதமர் எடுத்துச் சொன்னதும் அதன் முதல் அடியைத்தான்.

யாதும் ஊரே யாவரும் கேளிர்
தீதும் நன்றும் பிறர்தர வாரா
நோதலும் தணிதலும் அவற்றோ ரன்ன
சாதலும் புதுவது அன்றே வாழ்தல்
இனிதென மகிழ்ந்தன்றும் இலமே முனிவின்
இன்னா தென்றலும் இலமே மின்னொடு
வானம் தண்துளி தலைஇ ஆனாது
கல்பொருது இரங்கும் மல்லற் பேர்யாற்று
நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர்
முறைவழிப் படூஉம் என்பது திறவோர்
காட்சியின் தெளிந்தனம் ஆகலின் மாட்சியின்
பெரியோரை வியத்தலும் இலமே
சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.

இந்தப் பாட்டின் அச்சாணி பதினோராம் அடியில் இருக்கிறது: 'தெளிந்தனம் ஆகலின்'. அதற்கு முன்னால் வருவதெல்லாம் காரணம், பின்னால் வரும் இரண்டு அடியும் விளைவு. மின்னலோடு மழை கொட்டுகிறது, பெருக்கெடுத்த ஆறு கல்லில் மோதி இரைகிறது, அதில் ஒரு தெப்பம் நீர் போகும் போக்கில் போகிறது. உயிரும் அப்படித்தான் போகும் என்பதை அறிந்தவர்கள் கண்டு சொன்னதால் தெளிந்துகொண்டோம். ஆகவே பெரியவர்களைக் கண்டு வியப்பதில்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. பாட்டு போய்ச் சேருகிற இடம் இதுதான். எல்லா ஊரும் நம் ஊர் என்ற முதல் அடி நுழைவாயில் மட்டுமே. வாழ்வதை இனிது என்று கொண்டாடவும் மாட்டோம், வெறுப்பு வந்தபோது துன்பம் என்று தள்ளவும் மாட்டோம் என்ற நடு அடிகளை யாரும் மேடையில் சொல்வதில்லை. வரவேற்பு வளைவில் எழுதத் தோதான அடிகள் அல்ல அவை.

பாட்டில் ஒரு முடிச்சும் இருக்கிறது. தீதும் நன்றும் பிறர் தந்து வருவதில்லை என்றால் யார் தருகிறார்கள்? நான் செய்ததன் பயனா? அப்படியானால் தெப்பம் ஏன் நீரின் போக்கில் போகிறது? துடுப்புப் போடுகிறவன் யாரும் அந்தப் படத்தில் இல்லையே. பழைய உரை 'முறை' என்பதை ஊழ் என்று கொள்கிறது. செய்த வினை திரும்பி வருவது என்று படிப்பவர்கள் ஒரு பக்கம். ஆசீவகர் என்ற பழைய சமயத்தார் சொன்ன நியதியோடு, அதாவது எல்லாம் முன்பே அமைந்துவிட்டது என்ற கொள்கையோடு, இதை இணைக்கும் ஆய்வாளர்கள் இன்னொரு பக்கம். முதல் வழியில் படித்தால் இரண்டாம் அடி பொறுப்பேற்கச் சொல்கிறது. இரண்டாம் வழியில் படித்தால் யாரையும் குற்றம் சொல்லாதே என்கிறது. பாட்டு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: 'இலமே' என்று நான்கு முறை வருகிறது, நான்கும் தன்மைப் பன்மை. 'நாங்கள் இப்படி இருப்பதில்லை' என்று தம்மைப் பற்றிச் சொல்கிறார் கணியன் பூங்குன்றனார். மற்றவருக்கு இடும் கட்டளை ஒன்றுகூட இதில் கிடையாது. அதனால் அநியாயத்துக்கு ஆளானவரிடம் போய் 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்று ஆறுதல் சொல்வது பாட்டைத் தலைகீழாகப் பிடிப்பது. வேலையிடத்தில் ஏமாற்றப்பட்டவருக்கும், வீட்டில் அடிபடுகிறவருக்கும் இந்த அடியை அனுப்பி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இரண்டு பாட்டு தள்ளி 194. பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு குளிர்ந்து முழங்குகிறது. காதலரோடு கூடியவர்கள் பூச்சூடுகிறார்கள், பிரிந்தவர்கள் கண்ணில் நீர் சொட்டுகிறது. 'படைத்தோன் மன்றவப் பண்பிலாளன்' என்று அடுத்த அடி. படைத்தவன் பண்பில்லாதவன், அதிலும் 'மன்ற', நிச்சயமாக. பூங்குன்றனார் பார்த்த அதே உலகம்தான். சாவும் வாழ்வும் கலந்து வருகிறது என்ற அதே செய்திதான். அவருக்கு அது அமைதியைத் தந்தது, இவருக்குக் கோபத்தைத் தருகிறது. கோபம் வந்ததால் இவர் தெளிவு குறைந்தவர் என்று நினைக்க வேண்டாம். அடுத்த வீட்டு அழுகையைக் கேட்டுக்கொண்டே 'சாதலும் புதுவது அன்றே' என்று சொல்ல இவரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

194-இன் கடைசி இரண்டு அடியைக் கவனமாகப் படிக்க வேண்டும்: 'இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந் தோரே'. உலகம் துன்பமானது, அதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியவற்றைக் காணட்டும். எந்த இனியவை? பழைய உரை வீட்டின்பம் தரும் நல்ல செயல்கள் என்று விரிக்கிறது. பாட்டின் சொற்களுக்குள் வீட்டின்பம் இல்லை. துன்பம் நிறைந்த இந்த உலகத்துக்குள்ளேயே இனியதைத் தேடிக் காண் என்று படிக்கவும் பாட்டு விடுகிறது. இரண்டாவது வாசிப்பே எனக்கு நெருக்கமானது. முதல் நான்கு அடியும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற காட்சிகள். கடைசி அடிக்கு மட்டும் வேறு உலகத்துக்குத் தாவ வேண்டிய கட்டாயம் தெரியவில்லை.

191-ஐயும் 193-ஐயும் சேர்த்துப் படிப்பது இன்னும் கூர்மையான அனுபவம். 191 பிசிராந்தையார் பாட்டு. இத்தனை வயதாகியும் நரையில்லையே எப்படி என்று கேட்டதற்குப் பதில் சொல்கிறார். மனைவி மாட்சி உடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர்கள் என் எண்ணமே தம் எண்ணமாக இருப்பவர்கள், வேந்தன் தகாதது செய்யாமல் காக்கிறான், எல்லாவற்றுக்கும் மேலாக என் ஊரில் அடங்கிய கொள்கையுடைய சான்றோர் பலர் இருக்கிறார்கள். ஐந்து காரணம். இதை 'குடும்பமே வாழ்க்கை' என்று சுருக்குகிறார்கள். எண்ணிப் பார்த்தால் குடும்பம் ஐந்தில் இரண்டுதான். அரசும் ஊரும் இல்லாமல் அந்த நிறைவு நிற்காது. அவற்றில் தனி மனிதர் கையில் இருப்பது எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அரசைப் பற்றிய அந்த ஒரு காரணத்துக்குப் பின்னால் 184 இருக்கிறது. அதுவும் பிசிராந்தையார் பாட்டுதான், பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் 'மா' என்ற சிறிய நில அளவுக்கும் குறைந்த நிலத்தின் நெல் யானைக்குப் பல நாளைக்கு வரும்; நூறு வயல் இருந்தாலும் யானை தானே புகுந்து தின்றால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டுக் கெடுவது அதிகம். வரி வாங்கும் முறையைச் சொன்ன பாட்டு. 191-இல் நிம்மதியாகப் பேசுகிற அதே மனிதர்தான் அரசனிடம் போய் இதைச் சொன்னவர். நிறைவான வாழ்க்கை என்பது வரி முறையையும் பொறுத்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது 193:

அதளெறிந் தன்ன நெடுவெண் களரின்
ஒருவன் ஆட்டும் புல்வாய் போல
ஓடி உய்தலும் கூடும்மன்
ஒக்கல் வாழ்க்கை தட்கும்மா காலே.

தோலை உரித்து உட்புறம் மேலே தெரியப் போட்டது போல வெளுத்துக் கிடக்கும் நீண்ட களர்நிலம். அதில் ஒருவன் மான் ஒன்றைத் துரத்துகிறான். ஒளிய ஒரு புதர்கூட இல்லாத அந்த வெட்டவெளியில்கூட மான் ஓடித் தப்பிவிடக் கூடும். நானும் அப்படி ஓடித் தப்பலாம். ஆனால் சுற்றத்தோடு கூடிய வாழ்க்கை காலைத் தளையிடுகிறது. 'கூடும்மன்' என்பதில் உள்ள 'மன்' நடக்காமல் போனதன் ஏக்கத்தைச் சுமக்கிறது. இரண்டு பாட்டுக்கு முன்னால் நரைக்காமல் வைத்திருந்த அதே குடும்பம் இங்கே கால்விலங்கு. பாடியவர் பெயர் ஓரேருழவர். பெயரைப் பார்த்து ஏழை உழவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குறுந்தொகை 131-இல் 'ஓரேர் உழவன்' என்ற உவமையைச் சொன்னதால் வந்த பெயர் அது. ஆனாலும் பாட்டில் இருக்கும் ஆள் பலரைத் தாங்குகிறவர் என்பதும், அவருக்குத் துணையாக நிற்கும் ஏவலரோ ஊரோ பாட்டில் இல்லை என்பதும் தெளிவு. 191-இன் ஐந்து காரணங்களில் மூன்றை எடுத்துவிட்டு ஒக்கலை மட்டும் விட்டுவைத்தால் 193 வந்துவிடுகிறது. இரண்டில் எது உண்மை என்று கேட்பதைவிட, எந்தச் சூழலில் எது உண்மையாகிறது என்று கேட்டால் பாட்டுகள் பேசும்.

188 பெற்றோர் எல்லோருக்கும் பிடித்த பாட்டு. பாடியவர் அந்த அறிவுடை நம்பியே. செல்வம் பல படைத்துப் பலரோடு உண்ணும் பெரிய பணக்காரராகவே இருக்கட்டும். குறுகுறுவென்று நடந்து வந்து, சின்னக் கையை நீட்டி, சோற்றில் இட்டும் தொட்டும் வாயால் கவ்வியும் கையால் துழாவியும், நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் சிதறியும் மயக்குகிற பிள்ளைகள் இல்லாதவர்களுக்குத் தாம் வாழும் நாளில் பயன் ஒன்றும் இல்லை. ஏழு அடியில் மூன்றடி முழுக்கக் குழந்தையின் கையும் வாயும்தான். அரண்மனைத் தரையில் சோறு சிந்திக் கிடப்பதை ஓர் அரசன் இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறான் என்பதே அழகு.

அழகாக இருப்பதாலேயே இது ஆபத்தாகவும் ஆகிறது. பிள்ளை இல்லாதவர்களைக் குத்த இந்தப் பாட்டின் கடைசி அடியை எடுக்கிறார்கள். அப்படி எடுப்பவர்கள் 213-ஐப் படிக்க வேண்டும். கோப்பெருஞ்சோழனை எதிர்த்துப் போருக்கு வந்தவர்கள் அவனுடைய சொந்த மகன்கள் இருவர். அவர்கள் மேல் படை எடுக்கக் கிளம்பிய சோழனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுக்கிறார். அவர்களை வென்றுவிட்டால் உன் செல்வத்தை யாருக்கு விட்டுப் போவாய், நீ தோற்றால் உன் பகைவர்கள் மகிழ்வார்களே என்று கேட்கிறார். பிள்ளைகள்தாம் வாழ்வின் பயன் என்ற பாண்டியனின் சொல்லும், பிள்ளைகளோடு வாளெடுத்து நின்ற சோழனின் கதையும் ஒரே நூலுக்குள் இருக்கின்றன.

அந்தச் சோழன்தான் பிறகு வடக்கிருந்து உண்ணாமல் உயிர் விடுகிறான். அப்போது அவன் பாடியது 214. வாழ்வின் பொருள் பற்றிப் புறநானூற்றில் உள்ள பாட்டுகளில் தர்க்கம் மிக இறுக்கமானது இது என்பேன். நல்வினை செய்யலாமா வேண்டாமா என்று ஐயம் தீராமல் இருப்பவர்கள் துணிவில்லாதவர்கள் என்று தொடங்குகிறான். யானை வேட்டைக்குப் போனவன் யானையோடும் வரலாம், குறும்பூழ் (காடை) பிடிக்கப் போனவன் வெறுங்கையோடும் வரலாம்; ஆகவே பெரியதையே குறி வை. பிறகு மூன்று படியாக இறங்குகிறது வாதம். செய்த நல்வினைக்குப் பயன் உண்டென்றால் மேலுலக இன்பம் கிடைக்கலாம். மேலுலக இன்பம் என்று ஒன்று இல்லையென்றால் மறுபடி பிறக்காத நிலையாவது கிடைக்கலாம். மறுபிறப்பே இல்லையென்றாலும், இமயத்தின் சிகரம்போலப் புகழை நட்டுவிட்டுப் பழியில்லாத உடம்போடு மாய்வது மிகவும் நல்லது. மறுமை உண்டா என்ற கேள்விக்கு விடை தெரியாமலேயே வாழ்க்கையை நடத்த முடியும் என்று காட்டிவிடுகிறான். இறைநம்பிக்கை உடையவரும் இல்லாதவரும் ஒரே பாட்டைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தக் கணக்கையே ஏற்காதவர் ஒருவர் உண்டு. 134-இல் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், வள்ளல் ஆயைப் பற்றிச் சொல்கிறார்: 'இம்மைச் செய்தது மறுமைக்கு ஆமெனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்'. இங்கே செய்தால் அங்கே கிடைக்கும் என்று அறத்தை விலைக்கு விற்கும் வணிகன் அல்லன் அவன். சான்றோர் போன வழி இது என்பதால் கொடுக்கிறான். சோழன் பயனை மூன்று தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கிறான். மோசியார் தராசையே ஒதுக்கிவிடுகிறார். இரண்டையும் அருகருகே எழுதி வைத்துப் படித்தால் நீங்கள் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சோழனின் கதையில் இன்னொரு கனமான செய்தி. நரையில்லாத பிசிராந்தையார், அந்த நிறைவான வீட்டையும் ஊரையும் விட்டு, அதுவரை நேரில் காணாத நண்பனான சோழனோடு வடக்கிருக்க வந்தவர். 191-க்குரிய குறிப்பு, அங்கே வந்த அவரைப் பார்த்துச் சான்றோர் கேட்டதற்குச் சொன்ன பதில் அது என்கிறது. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் இனிமையான அந்த ஏழு அடியின் நிறமே மாறிவிடும். மாறாக, சோழனின் இன்னொரு நண்பரான புலவர் பொத்தியாரும் உடன் உயிர்விட வந்தபோது, மகன் பிறந்த பிறகு வா என்று சோழன் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். 222-இல் பொத்தியார் அதைச் சொல்லி, என்னை விட்டுப் போன அன்பிலாளா என்று நடுகல்லைப் பார்த்துக் கேட்கிறார். மகன்களால் நொந்த அரசன்தான் பிறக்கப் போகும் ஒரு குழந்தைக்காக நண்பனின் சாவைத் தள்ளி வைத்தவன். வடக்கிருத்தலை இன்று பின்பற்ற வேண்டிய வழியாக யாரும் படிக்கக் கூடாது. அந்தக் காலத்து மான உணர்வுக்குள் வைத்துப் புரிந்துகொள்ள வேண்டியது அது.

இதே எச்சரிக்கை 246-க்கும் பொருந்தும். பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயப் போகும்போது, தடுக்கும் சான்றோரை நோக்கிச் சொன்னது. இதை வீரம் என்று கொண்டாடுகிறார்கள். பாட்டு நடுவில் என்ன சொல்கிறது என்று பாருங்கள்: நெய் தொடாமல், கையால் பிழிந்து எடுத்த நீர்ச்சோறு, வெள்ளெள் துவையலும் புளி விட்டு வேக வைத்த வேளைக்கீரையும், பாயில்லாமல் பரற்கல் மேல் படுக்கை. கணவனை இழந்த பெண்ணுக்கு ஊர் விதித்த வாழ்க்கை அது. அந்த வாழ்க்கைக்கு நான் உடன்படமாட்டேன் என்பதுதான் அவள் வாதம். அவள் மறுத்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை விட்டுவிட்டு அவள் முடிவை மட்டும் புகழ்வது பெரிய தவறு. வாழ்வுக்குப் பொருள் இருக்கிறதா என்ற கேள்வி, வாழ விடுகிறார்களா என்ற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாதது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி அந்த நூலில் இல்லை.

இந்தப் பாட்டும் நரிவெரூஉத் தலையாரின் 195-உம் ஒரே விளியோடு தொடங்குகின்றன: 'பல்சான்றீரே பல்சான்றீரே'. கயல்மீன் முள் போல நரைத்து, கன்னம் சுருங்கி, பயனில்லாமல் மூப்படைந்தவர்களே என்று 195 கூப்பிடுகிறது. மழுவை ஏந்திய கடுந்திறல் ஒருவன், அதாவது எமன், கட்டி இழுக்கும்போது வருந்துவீர்கள். பிறகு வருவது கட்டளை: 'நல்லது செய்தல் ஆற்றீர் ஆயினும் அல்லது செய்தல் ஓம்புமின்'. நல்லது செய்ய முடியாவிட்டாலும் கெட்டதைச் செய்யாதிருங்கள். இந்த 14 பாட்டில் மிகக் கீழான வரம்பை வைப்பது இது. மிக மேலான வரம்பு தொகுதியின் முதல் பாட்டான 182-இல் இருக்கிறது. 'உண்டால் அம்ம இவ்வுலகம்' என்று தொடங்கி, இந்திரனுடைய அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாதவர்கள், பழியென்றால் உலகமே கிடைத்தாலும் கொள்ளாதவர்கள், தமக்கென முயலாமல் பிறர்க்கென முயல்கிறவர்கள் இருப்பதால்தான் உலகம் இருக்கிறது என்று முடிகிறது. பாடியவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. 'நான் எதற்காக வாழ்கிறேன்' என்று அவர் கேட்கவில்லை. 'உலகம் ஏன் இன்னும் நிலைத்திருக்கிறது' என்று கேட்கிறார். 182 எட்டாத உயரமாகத் தெரிந்தால் 195-இல் தொடங்கலாம்.

நடுவில் 189 நிற்கிறது, நக்கீரனார் பாட்டு. கடல் சூழ்ந்த நிலம் முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவனுக்கும், நள்ளிரவிலும் பகலிலும் தூங்காமல் விலங்கை எதிர்பார்த்துக் காத்திருக்கும் கல்லாத வேட்டுவனுக்கும் 'உண்பது நாழி உடுப்பவை இரண்டே'. நாழி என்பது படிக்கணக்கு. உடம்புக்குத் தேவையான அளவுக்கு ஒரு மேல் வரம்பு உண்டு என்பதுதான் அவர் வாதத்தின் அடிப்படை. மிச்சமிருப்பதற்கு ஒரே பயன் கொடுப்பது. நாமே துய்ப்போம் என்றால் 'தப்புந பலவே', தவறிப் போவன பல. கொடை பெரிய புண்ணியம் என்று அவர் சொல்லவே இல்லை. உண்ணும் அளவைக் காட்டி மிச்சத்தை என்ன செய்வாய் என்று மட்டும் கேட்கிறார். 183-இல் கல்வி, 186-இல் நாட்டுக்கு உயிரான மன்னன், 187-இல் நிலத்தின் நன்மை அதில் வாழும் ஆடவரின் நன்மை, 190-இல் எலியைப் போல் சேர்த்து வைப்பவர் நட்பு வேண்டாம், புலியின் ஊக்கம் உடையவர் நட்பு வேண்டும் என்பது. இவற்றையும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். நம் கேள்விக்கு மற்றவை அளவுக்கு நெருக்கமானவை அல்ல.

எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தி பிரித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'காண்கிதன்' போன்றவை பிரிக்காமல் படித்தால் தடுக்கிவிடும். அடுத்து நேராகக் கடைசி அடிக்குப் போய்ப் பாட்டு எந்த வினையில், எந்த முடிவில் நிற்கிறது என்று பாருங்கள். 192 தன் நிலையைச் சொல்கிறது, 195 ஏவுகிறது, 193 ஏங்குகிறது, 182 காரணம் காட்டுகிறது, 188 தீர்ப்புச் சொல்கிறது. ஏக்கத்தைக் கட்டளையாகவோ, தன்னிலையை ஊருக்கான விதியாகவோ மாற்றிப் படிப்பதில்தான் பெரும்பாலான குழப்பம் பிறக்கிறது. அதன் பிறகு பாட்டின் கீழே உள்ள குறிப்பைப் படியுங்கள், யார் யாருக்குச் சொன்னது என்று. அந்தக் குறிப்புகள் பாடியவர்கள் எழுதியவை அல்ல, பின்னால் சேர்ந்தவை. துணையாகக் கொள்ளலாம், பாட்டில் இல்லாததைப் பாட்டுக்குள் ஏற்றிவிடக் கூடாது. உரையைக் கடைசியில் திறவுங்கள். முதலிலேயே திறந்தால் 194-இன் கடைசி அடி போன்ற இடங்களில் உரைகாரரின் முடிவு உங்கள் முடிவாகிவிடும்.

உங்களுடைய சொந்தக் கருத்தைத் தெளிவாக்க இந்தப் பாட்டுகள் வேண்டுமென்றால் ஒரு முறை உண்டு. மனத்துக்குப் பிடித்த பாட்டை எடுத்து, அதற்கு எதிரானதை அருகில் வையுங்கள்: 192-க்கு 194, 191-க்கு 193, 188-க்கு 213, 214-க்கு 134. பிடித்த பாட்டு யாரைக் கணக்கில் எடுக்கவில்லை என்று எதிர்ப்பாட்டைக் கொண்டு எழுதிப் பாருங்கள். 188 பிள்ளையில்லாதவரை, 191 துணையில்லாதவரை, 192 அடுத்த வீட்டு அழுகையை. எழுதிய பிறகும் அந்தப் பாட்டு உங்களுக்கு நின்றால் அது உங்களுடையது. மனம் சோர்ந்திருக்கும் நாளில் 193-ஐயும் 194-ஐயும் மட்டும் எடுத்து உட்கார வேண்டாம். சோர்வு நாள்கணக்கில் நீண்டால் பாட்டு போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

புத்தகம்: உ.வே. சாமிநாதையர் 1894-இல் முதன்முதலாகப் பழைய உரையோடு பதிப்பித்தார். ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் விளக்கவுரை தொடங்குபவர்களுக்கு எளிது. மூலம் மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. 182–195 முடிந்ததும், கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார், பொத்தியார் மூவரும் வரும் 212 முதல் 223 வரை ஒரே இருப்பில் படித்துவிடுங்கள். இடையில் நிறுத்தினால் யார் யாருக்காக வந்தார் என்ற தொடர்ச்சி விட்டுப் போகும். பழைய உரை 266-ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது, 267-உம் 268-உம் கிடைக்கவே இல்லை. நான் மேலே சொன்ன பாட்டுகள் எல்லாம் அந்த உரை உள்ள பகுதிக்குள் வருபவை. அதற்கு அப்பால் போகும்போது பிற்கால உரை இரண்டையாவது ஒப்பிட்டுப் படியுங்கள்.